ஐஸ் கம்பெனி ஸ்டாப் வந்த கதை

மாணவர் சிறப்புப் பேருந்துக்கு டூட்டி போட்டுவிட்டார்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற புதுக் கண்டக்டர்களுக்காக இதை எழுதுகிறேன். டெப்போவில் நீங்கள் பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்து சேர்கிறது. காட்டுக் கத்தலாம், மண்டையிடியாம், எந்த ட்ரிப் வேண்டுமானாலும் போடுங்கள் அது மட்டும் வேண்டாமாம். நான் மறுக்கவில்லை. பதினோரு வருடம் அதே ட்ரிப்பில் கத்தித் தொண்டை கெட்டவன் நான். வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பதைக்கூட "உள்ள போ, உள்ள போ" என்கிற குரலில்தான் கேட்கிறேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

விசில் எப்போது ஊதுவது, பாஸ் எப்படிப் பார்ப்பது என்பதையெல்லாம் நான் சொல்லித்தரப் போவதில்லை. ஒரு வாரத்தில் உங்களுக்கே கை வந்துவிடும். நான் சொல்ல வந்தது வேறு. ஆறாம் வகுப்பில் ஏறுகிற பிள்ளையும் பன்னிரண்டாம் வகுப்பில் இறங்குகிற பிள்ளையும் ஒரே ஆள் இல்லை. பழைய பிள்ளை எந்த ஸ்டாப்பில் இறங்கிப் போனது, புது ஆள் எந்த ஸ்டாப்பில் ஏறியது என்று வாசலிலேயே நிற்கிற நமக்குத் தெரிவதில்லை. எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அதனால் இதைப் படித்துவிட்டுத் தெளிவு வரும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

படிக்கட்டு விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். படியில் நிற்காதே என்றால் ஆறாம் வகுப்புப் பையன் "சரி மாமா" என்று உள்ளே போய்விடுவான். எட்டாம் வகுப்புப் பையன் நான் பார்க்கும்போது ஏறுவான், நான் திரும்பினால் இறங்குவான். ஒன்பதாம் வகுப்பு வந்துவிட்டால் "அவன ஒண்ணும் கேக்கல, என்ன மட்டும் ஏன் கேக்குறீங்க?" என்று முறைப்பான். பதினொன்றாம் வகுப்புக்காரன் கையைக் கட்டிக்கொண்டு, "உள்ள கால் வைக்க எடம் இல்ல. படியில நிக்கிறது என் தப்பா, எடம் இல்லாதது என் தப்பா? நீங்களே சொல்லுங்க" என்பான். நியாயம்தானே என்று எனக்கே தோன்றிவிடும். அதே பையன் மறுநாள், யாரோ ஒரு பெண் ஜன்னல் வழியாகப் பார்த்தாள் என்பதற்காக, ஓடுகிற வண்டியில் தாவி ஏறி முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்து நிற்பான். நேற்று வக்கீல் மாதிரி பேசியவன் இவன்தானா என்று எனக்குத் தலை சுற்றும்.

அப்போது என்னோடு இருந்த டிரைவர் என்னைவிட மூத்தவர். பேரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் சொல்லவில்லை. அவர் ஒருநாளும் பிள்ளைகளைத் திட்டி நான் பார்த்ததில்லை. தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் பார்ப்பார், அவ்வளவுதான். முட்டி பெயர்ந்த பையனுக்கு மஞ்சள் தடவிய பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டே அவரிடம் புலம்பினேன். அவர் சொன்னார்: "அந்தப் பையன்ற வண்டிய ரெண்டு பேரு ஓட்றாங்கய்யா. ஷிப்ட்டு எப்ப மாறுதுன்னு வண்டிக்கே தெரியாது. உனக்கு எப்டித் தெரியும்?"

இதை நான் அப்போது சிரித்துவிட்டு மறந்தேன். மறந்திருக்கக் கூடாது.

இனி நண்டு கதைக்கு வருகிறேன். எங்கள் வண்டி காலையில் மீனவர் ஊரான நல்லவாட்டில் புறப்பட்டு, தவளக்குப்பம் வந்து, கடலூர் ரோட்டைப் பிடித்து, பாகூரில் போய் முடியும். நல்லவாட்டில் ஏறுகிற கூட்டத்தில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவள் அம்மா பாகூர் மார்க்கெட்டில் மீன் விற்பவர். விடியற்காலையிலேயே கூடையோடு ஷேர் ஆட்டோவில் போய்விடுவார். மகள் கண்ணெதிரே இருக்கட்டும் என்று அங்கேயே பள்ளியில் சேர்த்திருந்தார். அந்தப் பெண் எத்தனை கூட்டம் இருந்தாலும் பையை மார்பில் அணைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, என் சீட்டுக்குப் பக்கத்து சீட்டைப் பிடித்துவிடுவாள். அதனால் நண்டு என்று பேர் வைத்தேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் பேர் வைப்பேன். டபரா, ஒல்லி, டேப் ரிக்கார்டர், சின்ன எம்.எல்.ஏ. வண்டியே சிரிக்கும். பிள்ளைகளோடு இப்படிப் பழகுகிற கண்டக்டர் இந்த லைனிலேயே கிடையாது என்று எனக்கு ஒரு பெருமை.

நண்டு என்னை மாமா என்று கூப்பிடுவாள். பாகூர் போய்ச் சேரும்வரை வாய் ஓயாது. "மாமா, நேத்து எங்கப்பா வலையில ஆமை மாட்டிக்கிச்சு, அப்பா வுட்டுட்டாரு." "மாமா, எங்க டீச்சருக்குக் கல்யாணம், எங்களுக்கு லீவு வுடல." "மாமா, நீ தூங்கும்போது கூட விசில் ஊதுவியா?" மூன்று வருடம் இப்படிப் போயிற்று. எனக்குப் பெண் பிள்ளை இல்லை. அந்த அரை மணி நேரம் எனக்குப் பிடித்திருந்தது என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு தொடங்கிய வாரத்தில் அவள் என் பக்கத்து சீட்டுக்கு வரவில்லை. நான்காவது வரிசையில் ரம்யா என்கிற பெண்ணோடு போய் உட்கார்ந்தாள். ரம்யாவின் வீடு ஊருக்குள், ஐஸ் கம்பெனிக்குப் பக்கத்தில். மீனுக்குப் போடுகிற ஐஸ் உடைக்கிற இடம் அது. இருவருக்கும் ஒரே நிற ரிப்பன், ஒரே மாதிரி பேனா. ஒருத்தி ஆரம்பித்த பேச்சை இன்னொருத்தி முடிப்பாள். நான் கிட்டே போனால் இருவரும் வாயை மூடிக்கொள்வார்கள். பாஸை நீட்டுவாள், முகம் ஜன்னல் பக்கம் இருக்கும். மாமா போய்விட்டது. அண்ணா வரவில்லை, சார் வரவில்லை. "இந்தாங்க." அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்தது. சின்னப் பிள்ளையிடம் என்ன கோபம் என்று கேட்பீர்கள். வந்தது, என்ன செய்ய? திமிர் ஏறிவிட்டது என்று டிரைவரிடம் சொன்னேன். மறுநாள் யோசித்துப் பார்த்து, இல்லை, நான் எதையோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். அதற்கு மறுநாள், வீட்டில் ஏதோ கஷ்டம் போலிருக்கிறது என்றேன். அவர் கியரை மாற்றிக்கொண்டே, "மூணுல எதுன்னு முடிவு பண்ணிட்டு சொல்லு, நானும் அதையே நெனச்சிக்கிறேன்" என்றார்.

பிறகு ஒருநாள் நண்டு வரவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் ஆளே இல்லை. ஒரு காலையில் நல்லவாட்டில் வண்டியைத் திருப்பினால் எங்கள் ஸ்டாப்பிலேயே பெரிய பிளெக்ஸ் போர்டு. இரண்டு மூங்கில் நட்டு, ஆள் உயரத்துக்கு மேல் கட்டியிருந்தார்கள். மஞ்சள் நீராட்டு விழா. நடுவில் பட்டுப் புடவையும் நெற்றிச்சுட்டியுமாக, மயில் சிம்மாசனத்தில் நண்டு. கீழே தாய்மாமன்கள் என்று போட்டு வரிசையாகக் கூலிங் கிளாஸ் போட்ட இளைஞர்களின் படங்கள். எல்லாருக்கும் மேலே கொட்டை எழுத்தில் "செல்வி அபிநயா". ஓகோ, இந்தப் பெண்ணுக்குப் பேர் அபிநயாவா என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

விழா முடிந்து அவள் திரும்பி வந்த அன்று ஒரு காரியம் செய்தேன். என் பதினோரு வருட டூட்டியில் அதை மட்டும் அழித்துவிட முடிந்தால் அழித்துவிடுவேன். போர்டுக்குக் கீழே நின்றிருந்த பிள்ளைகளோடு அவளும் ஏறினாள். பாஸை நீட்டினாள். பழைய உரிமை எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி, "இன்னா நண்டு, மாமனுக்குப் பத்திரிகையே வெக்கல? சீர்த்தட்டு நான் தூக்கிக்கினு வர வாணாமா?" என்றேன்.

வண்டியே சிரித்தது. முன்சீட்டு, பின்சீட்டு, படிக்கட்டு எல்லாம் சிரித்தது. அவள் பாஸை வாங்கிக்கொண்டு நான்காவது வரிசைக்குப் போனாள். அழவில்லை, முறைக்கவில்லை. நல்ல ஜோக் சொன்ன திருப்தியில் நான் விசிலை ஊதினேன். கண்ணாடியில் டிரைவர் என்னைப் பார்த்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாளும் வந்தாள். பின்சீட்டுப் பையன்கள் "சீர் வந்துடுச்சுடோய்" என்று கூவினார்கள். யாரோ போனில் அதை ஸ்டேட்டஸ் வைத்தார்கள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். மூன்றாம் நாள் அவள் இல்லை. நான்காம் நாளும் இல்லை. ரம்யா மட்டும் நான்காவது வரிசையில் தனியாக உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் பையை வைத்திருந்தாள், வேறு யாரும் உட்காரக் கூடாது என்று. இரண்டு வாரம் போயிற்று.

பாகூர் மார்க்கெட்டில் அவள் அம்மாவைப் பார்த்தேன். சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டே சொன்னார்: "மொதல்ல வயித்து வலின்னா. அப்பறம் தலை வலின்னா. இப்போ பள்ளிக்கோடமே வாணாம்ன்றா கண்டக்டரே. இன்னாத்துக்குடின்னு கேட்டா மூஞ்சத் திருப்பிக்கிறா. கொஞ்சிப் பாத்தேன், அடிச்சும் பாத்துட்டேன்."

"டீச்சர் யாரும் கேக்கலியா?"

"கேக்காம இன்னா? இந்த மாசத்துக்குள்ள வரலன்னா பேர அடிச்சிடுவோம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. எந்தம்பி இன்னான்றான்னா, வுடுக்கா, பொட்டப்புள்ள ஒம்போதாவது வரைக்கும் படிச்சது போதும், வூட்ல இருந்து கருவாடு காய வெக்கட்டும்ன்றான். எனக்கு ஒண்ணும் புரியல அண்ணே. அவ டாக்டருக்குப் படிக்கணும்னு சொல்லிக்கினு இருந்தவ."

செதில் என் சட்டையில் தெறித்தது. நான்தான் காரணம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும். பயம், வெட்கம், இரண்டும்தான். கால் கிலோ மீன் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் மீனைக் கழுவுவதை நிறுத்தினாள். "அத்தன ஆம்பளப் பசங்க நடுவுலயா கேட்ட? உனக்கு அறிவு கீதா?" என்றாள். மாமன் என்று சொல்வதில் என்ன தப்பு, அவள்தானே மூன்று வருடம் அப்படிக் கூப்பிட்டாள் என்றேன். "அப்போ அவ கொழந்தை. இப்போ மாமன்னா வேற அர்த்தம். அதான் அவளே நிறுத்திட்டாளே, நீ ஏன் எடுத்துக் குடுக்கற?" என்றாள். கூப்பிடுகிற வார்த்தை அதே, கூப்பிடுகிற வாய் அதே, அர்த்தம் மட்டும் எப்போது மாறியது? யார் மாற்றினார்கள்? எனக்கு யாரும் தகவல் சொல்லவில்லையே.

வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று டிரைவரிடம் கேட்டேன். "போனா தெருவே கூடி இன்னான்னு கேக்கும். திரும்ப ஒரு வாட்டி அவ மானத்த ஏலம் போடப் போறியா?" என்றார். சரி, பின்சீட்டுப் பையன்களை இறக்கிவிடட்டுமா என்றேன். "எறக்கு. நாளைக்கு அவளாலதான் எறக்கினன்னு பேசுவானுங்க." அப்படியானால் நான் என்னதான் செய்வது? அவருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னார்.

மறுநாள் காலையில் வண்டி ஸ்டாப்பில் நின்றபோது அந்த போர்டை நிமிர்ந்து பார்த்தேன். நிழலுக்காகப் பையன்கள் அதன் கீழேதான் ஒதுங்கி நின்றார்கள். தினமும் பஸ் ஏற அவள் இந்த மயில் சிம்மாசனத்துக்குக் கீழேதான் வந்து நிற்க வேண்டும். ஊருக்கே தெரிகிற மாதிரி தன்னை எழுதிக் கட்டிய இடத்தில், தன்னைக் கிண்டல் செய்தவர்களோடு. எனக்குப் பொட்டில் அடித்தது போல இருந்தது. பிரச்சினை இந்த போர்டுதான் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். என் மேல் இருந்த குற்றத்தில் பாதியை அதன் மேல் ஏற்றிவைக்க முடிந்ததில் கொஞ்சம் நிம்மதியும் வந்தது. அதையும் மறைக்கவில்லை.

ஸ்டாப்பில் டீ குடித்துக்கொண்டிருந்த அவளுடைய தாய்மாமனிடம் போய், விழாதான் முடிந்துவிட்டதே, போர்டை எடுத்துவிடலாமே என்றேன். "அது எங்க வூட்டுப் பொண்ணு போர்டு. காத்துல கிழியற வரைக்கும் நிக்கும். உனக்கு இன்னா வலிக்குது?" என்று கேட்டார். வலிக்கத்தான் செய்தது, சொல்ல முடியவில்லை.

போர்டை நகர்த்த முடியாது. பஸ்ஸை நகர்த்தலாம். நமக்கு இருக்கிற அதிகாரம் எல்லாம் இந்த ஒரு விசில்தான், தம்பிகளா. அடுத்த நாள் ஊருக்குள் வந்த வண்டி ஸ்டாப்புக்குப் போவதற்கு நூறடி முன்னாலேயே, ஐஸ் கம்பெனி வாசலில், விசிலை ஊதினேன். டிரைவர் ஒரு விநாடி கண்ணாடியில் பார்த்துவிட்டு நிறுத்தினார். "காரணம் நான் கேக்க மாட்டேன். டெப்போல கேட்டா நீதான் சொல்லணும்" என்றார். போர்டு அங்கிருந்து தெரியாது, ஐஸ் கம்பெனி மதில் மறைத்துக்கொள்ளும்.

பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு திட்டிக்கொண்டே ஓடி வந்தார்கள். டீக்கடைக்காரர், "இன்னாத்துக்குயா அங்க நிறுத்துற?" என்று கத்தினார். பழைய ஸ்டாப்பில் பள்ளம், வண்டி திரும்பக் கஷ்டமாக இருக்கிறது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வாரக் கடைசியில் டெப்போவுக்குப் புகார் போயிற்று. அங்கேயும் அதே பள்ளத்தைச் சொன்னேன். யாராவது வந்து பார்த்திருந்தால் ரோடு கேரம் போர்டு மாதிரி வழவழவென்று இருப்பது தெரிந்திருக்கும். மார்க்கெட்டில் அவள் அம்மாவிடம், பஸ் இப்போது ஐஸ் கம்பெனிகிட்ட நிற்கிறது என்று சொல்லி வைத்தேன். "அது எங்கனா நிக்கட்டும் கண்டக்டரே, ஏற ஆள் வந்தால்ல" என்றார்.

ஸ்டாப்பை மாற்றியபோது மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. ஒவ்வொரு காலையும் ஐஸ் கம்பெனி வாசலில் தேவைக்கு மேல் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்தி வைத்தேன். முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள், இல்லை. நான்காம் நாள் ஐஸ் கட்டி உடைத்த ஈரத்தில் கால் வழுக்காமல் பார்த்து நடந்தபடி ரம்யாவும் நண்டும் சேர்ந்து வந்தார்கள். ஒரே நிற ரிப்பன்.

எனக்குக் கீழே குதித்து ஓடிப்போய் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மன்னிச்சுக்க என்றா, வா நண்டு என்றா, தெரியாது, ஏதாவது ஒன்று. கண்ணாடியில் டிரைவர் தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று. அவள் ஏறினாள். பாஸை நீட்டினாள், முகம் ஜன்னல் பக்கம். பார்த்தேன், திருப்பிக் கொடுத்தேன். பின்சீட்டில் ஒருவன் வாயைத் திறந்தான். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த மிக நீளமான ட்ரிப் அது. பள்ளியில் அவள் பேரை அடிக்கவில்லை. பத்தாவது பாஸ் செய்தாள், பன்னிரண்டாவது முடித்தாள். அந்த வருடங்களில் ஒருநாளும் என்னை எந்த வார்த்தை சொல்லியும் அவள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. போர்டு அந்த மாதமே கடல் காற்றில் கிழிந்துவிட்டது. நான் பழைய ஸ்டாப்புக்குத் திரும்பவில்லை. இப்போது ஐஸ் கம்பெனி வாசலில் நிழற்குடையே கட்டிவிட்டார்கள். அங்கே ஏன் ஸ்டாப் என்று உங்களில் யாராவது யோசித்திருந்தால், காரணம் இதுதான், பள்ளம் இல்லை.

இத்தோடு முடித்திருந்தால் எனக்கு நல்ல பேர். அழகாக ஒரு பாடமும் சொல்லியிருப்பேன். ஆனால் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் கடலூர் ரோட்டில் சாதாரண லைன் பஸ்ஸில் டூட்டி. மத்தியான வேளை, வண்டி காலியாக இருந்தது. நர்சிங் காலேஜ் சீருடையில் ஒரு பெண் ஏறி என் சீட்டுக்கு முன்சீட்டில் உட்கார்ந்தாள். நண்டு. ரிட்டயர் ஆகப் போகிறேன், இனி என்ன மானம் என்று தைரியம் வந்தது. அன்றைக்கு நான் சொன்னது தப்பு, அதற்காகத்தான் ஸ்டாப்பை மாற்றினேன், அந்த போர்டு உன் கண்ணில் படக் கூடாது என்றுதான் என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "அந்த போர்டா? அது எனக்குப் புடிச்சிருந்துச்சே. எவ்ளோ அழகா இருந்தேன் அதுல. அது கிழிஞ்சப்ப நான் அழுதேன்."

"அப்போ இன்னாத்துக்குப் பள்ளிக்கோடம் வாணாம்னு உக்காந்த? நான் சொன்னதுக்கா?"

"நீங்க சொன்னதுக்கும்தான்." பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "ஆனா நீங்க சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்க, ரம்யாவும் சிரிச்சா. மத்தவங்க சிரிச்சா பரவால்ல. அவ சிரிச்சுட்டான்னு தாங்கல. அவ இல்லாத பள்ளிக்கோடம் எதுக்குன்னு தோணுச்சு. இப்ப நெனச்சா சிரிப்பா வருது, அப்ப செத்துடலாம் போல இருந்துச்சு."

"அப்பறம் எப்டி வந்த?"

"ஸ்டாப்ப மாத்துனீங்கல்ல, அன்னிக்கு சாயங்காலம் ரம்யா எங்க வூட்டுக்கு வந்தா. சாரி கீரி ஒண்ணும் கேக்கல. 'பஸ்ஸு இப்ப எங்க வூட்டாண்ட நிக்குதுடி, நீ பாட்டுக்குத் தெரியாம அங்க போயி நின்னுடாத'ன்னா. நான் பள்ளிக்கோடத்துக்கே போறதில்ல, அவ ஸ்டாப்பு மாறிடுச்சுன்னு சொல்ல வர்றா. மூணு நாளும் அதே சேதியச் சொல்ல வந்தா. நாலாவது நாளு கெளம்பிட்டேன்."

ஆக, நான் சரியான காரியத்தைத் தப்பான காரணத்துக்குச் செய்திருக்கிறேன். ஒரு பெண்ணுக்குத் தோழி வீட்டுக் கதவைத் தட்ட ஒரு சாக்கு வேண்டியிருந்திருக்கிறது. அது என் விசிலில் போய்ச் சிக்கியிருக்கிறது. இதை நான் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ள முடியுமா? குருட்டு அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியுமா? பல நாள் யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. அந்த வயதில் அவர்கள் மனம் எதில் உடையும், எதில் ஒட்டும் என்று தெரியும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் எந்த ரூட்டில் வேலை பார்த்தார் என்று கேளுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதையும் கேட்டுவிட்டேன். "அதுக்கு முன்னாடியே மாமான்னு கூப்டறத நிறுத்திட்டியே. அது ஏன்?"

"அதுவா..." என்று இழுத்தாள். "தெரில. பசங்க கிண்டல் பண்ணுவானுங்கன்னா இருக்கும். இல்ல..." என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க ஒரு நாளாவது என் பேர சொல்லிக் கூப்டிருக்கீங்களா? நண்டு, நண்டுன்னே கூப்டுவீங்க. நான் ஒம்போதாவது வந்துட்டேன். பாஸ தெனம் கையில குடுக்குறேன், அதுல பேரு பெருசா எழுதிக்கீது. ஒரு நாளாவது படிப்பீங்கன்னு பாத்தேன்."

தம்பிகளா, தங்கைகளா, பாஸில் நாம் பார்ப்பது தேதியும் முத்திரையும்தான். ஏழு வருடம் ஒரு நாளுக்கு இரண்டு தடவை அந்தப் பாஸ் என் கைக்கு வந்திருக்கிறது. அவள் பேரை நான் பிளெக்ஸ் போர்டில்தான் படித்தேன், அதுவும் தூரத்திலிருந்து. அவள் என்னை ஏன் கூப்பிடவில்லை என்று அத்தனை வருடம் மண்டையை உடைத்துக்கொண்டவன், நான் அவளை என்னவென்று கூப்பிட்டேன் என்று ஒரு விநாடி யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது. பட்டப்பேர் வைக்காதீர்கள் என்று சொல்லலாம் என்றுதான் இந்தக் கட்டுரையையே ஆரம்பித்தேன். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தவளக்குப்பம் வந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். காலியாக இருந்த வண்டியிலும் பழக்கம் விடவில்லை, பையை மார்பில் அணைத்து, பக்கவாட்டில் நகர்ந்துதான் வாசலுக்குப் போனாள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "பாத்து எறங்கு, அபிநயா" என்றேன்.

படியில் ஒரு காலை வைத்தவள் யாரோ கூப்பிட்டார்கள் என்பது போலத் திரும்பினாள். மூக்கைச் சுளித்தாள்.

"அய்ய, நல்லால்ல மாமா. நண்டுன்னே கூப்டுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அன்றைய டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்த பிறகுதான் விசில் என் வாயில் இல்லை, கையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது.